பாத்து எடுக்கிற அண்ணை

இத்தாலியில், பலேர்மோ நகரத்துக் கபோச் சந்தை மீன்காரர்களுக்கு அவரைத் தூரத்தில் கண்டாலே முகம் சுருங்கிவிடும். ஒரு கிலோ சாளை வாங்குவதற்கு ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணை அமத்திப் பார்ப்பார், வாலைப் பிடித்து நிமிர்த்திப் பார்ப்பார். பிறகு எல்லாவற்றையும் தட்டிலேயே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார். அங்கேயும் இதே கூத்துத்தான். கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து, முதலில் தொட்ட மீனையே வாங்குவார். "இதை முதலே வாங்கியிருக்கலாமே அண்ணை" என்றால் கோபம் வராது. "மற்றதைப் பாக்காமல் இது நல்லதெண்டு எப்பிடிப் பிள்ளை தெரியும்?" என்பார். எனக்கோ கால் விண்விண்ணென்று வலிக்கும்.

பலேர்மோவில் இருந்த யாழ்ப்பாணத்துச் சனம் அவருக்கு வைத்த பெயர் 'பாத்து எடுக்கிற அண்ணை'. பகிடிக்கு வைத்த பெயர்தான். ஆனாலும் கல்யாணச் சேலை எடுக்கவோ, குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கவோ, தாலிக்கொடிக்குப் பவுன் பார்க்கவோ அவரை விட்டுவிட்டு யாரும் போனதில்லை. அவர் தெரிந்தெடுத்த பிரஷர் குக்கர் ஒன்று நானும் என் புருஷனும் இருந்த வீட்டிலும் இருந்தது. அதற்காக ஒரு பின்னேரம் முழுவதும் வுச்சீரியாச் சந்தையிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் என்னை நடக்க வைத்தார். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அந்தக் குக்கர் ஒருநாளும் பழுதாகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வேலை செய்தோம். துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவரின் வீடு. மனைவி இறந்துவிட்டாள். மகள் நகரத்தின் மறுபக்கத்தில் குடும்பமாக இருந்தாள். நான் காலையில் போய்க் கூட்டித் துடைத்து, உடுப்புகளுக்கு அயர்ன் பிடித்துவிட்டு வருவேன். அண்ணை அங்கேயே தங்கிச் சமைத்து, கிழவரைப் பார்த்துக்கொண்டார். சமையலறைக்குப் பின்னால் அவருக்கு ஒரு சிறிய அறை. கட்டிலுக்கு மேலே சுவரில் மனைவி, மகன், மகள் மூவரும் நிற்கும் படம். அந்தப் படத்தில் மகன் அரைக் காற்சட்டையோடு நின்றான். அண்ணை அவனை அப்படித்தான் கடைசியாகக் கண்டது.

மூவரும் ஊரில் இருந்தார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தது. படத்தில் அரைக் காற்சட்டையோடு நின்றவனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டதாகத் தாய் எழுதியிருந்தாள். அந்த வயதுப் பெடியனை வீட்டில் வைத்திருந்த தாய் தகப்பன் எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. ஒரு பக்கம் ஆமி, மறு பக்கம் இயக்கம். "அவன் எங்கையும் போறதுக்கு முதல் இஞ்சை எடுத்துப்போட வேணும் பிள்ளை" என்பதை அண்ணை என்னிடம் சொல்லாத நாள் இல்லை. அதற்கு இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. அண்ணை தன்னிடம் வேலை செய்கிறார் என்று கிழவர் கையெழுத்து வைத்துத் தர வேண்டும், ஒருதரம் கேட்டதற்குப் பார்ப்போம் என்றிருந்தார். குடும்பம் இருக்கத்தக்க ஒரு வீட்டை அண்ணை வாடகைக்கு எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டையும் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் கொடுத்தால் மிச்சத்தை அவர்கள் பார்ப்பார்கள்.

கிழவருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. சுடும் மைதானத்துக்குப் போய், பழைய கைத்துப்பாக்கி ஒன்றால் வட்டம் கீறிய பேப்பரைச் சுட்டுவிட்டு வருவார். அனுமதிப் பத்திரம், இரும்புப் பெட்டி, பூட்டு எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். ஒரு வசந்த காலத்தில் அங்கே ஒரு சிநேகிதர், சன்னத்துக்கு வேண்டிய ஈயக் குண்டை நீயே வார்த்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மனைவி போன பிறகு அந்த மனிதர் எதிலும் மனம் வைத்து நான் காணவில்லை. இப்போது புத்தகம் வாங்கினார், கராஜ் ஒன்றில் கேட்டு டயர் ஆடாமல் இருக்க வைக்கும் பழைய ஈயத் துண்டுகளை ஒரு சாக்கில் கொண்டுவந்து சேர்த்தார். இனி வேண்டியது வார்க்கிற அச்சு ஒன்றுதான். "நீயும் வா. உனக்குத்தான் பார்த்து எடுக்கத் தெரியும்" என்று அண்ணையைக் கூப்பிட்டார்.

அண்ணை உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, சன்னம் ஊத்துற அச்சாம். நான் என்னெண்டு போறது?"

"போகாட்டிக் கிழவர் கோவிப்பார். பிறகு கையெழுத்தை ஆரிட்டைக் கேக்கப் போறீங்கள்?"

"அதுக்கெண்டு உதையோ பாத்து எடுக்கிறது?"

"பேப்பரைத்தானே அண்ணை சுடுறார்."

அவர் போய் மிச்ச வெங்காயத்தை உரித்தார். மறுநாள் என்னையும் வரச் சொன்னார். அவருடைய இத்தாலியன் சமையலறைக்கும் சந்தைக்கும் மட்டும் போதுமானது. கேள்வி கேட்க நான் வேண்டும்.

ரோமா வீதிக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய தெருவில் வேட்டைச் சாமான் விற்கும் கடை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, மேசையில் ஒரு பச்சைத் துணியை விரித்து, அச்சுகளை வரிசையாக அடுக்கினார். நான் என்னவோ பெரிய யந்திரம் என்று நினைத்துப் போனேன். பார்த்தால் பாக்குவெட்டி மாதிரி இருந்தது. இரண்டு மரப்பிடி, நுனியில் இரண்டு உலோகக் கட்டி, கட்டிகளுக்குள்ளே குழி. பிடியை நெருக்கினால் இரண்டு கட்டியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் துவாரத்தால் உருகிய ஈயத்தை ஊற்றி, இறுகிய பிறகு பிடியை விரித்தால் குண்டு கீழே விழும்.

கிழவருக்கு ஆறு குழி வைத்த பெரிய அச்சில்தான் கண். ஒரே தரத்தில் ஆறு குண்டு வார்க்கலாம் அல்லவா? அண்ணை அதை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைக் கிழவரின் கையில் கொடுத்து, தன்னைப் போலவே பிடிக்கச் சொன்னார். கிழவரின் கை நடுங்கத் தொடங்கியது. கடைக்காரர் சிரித்துவிட்டார். முதல்முதல் வார்க்கிறவருக்கு இரண்டு குழி போதும், பெரியது பாரம், அது முழுக்க ஒரே சூடாக வரும்வரை விழுகிற குண்டெல்லாம் சுருங்கித்தான் விழும் என்றார்.

அடுத்தது இரும்பா, அலுமினியமா என்ற கேள்வி. "கடல் காத்துக்கு இரும்பு கறள் பிடிக்குமோ எண்டு கேளும் பிள்ளை." கேட்டேன். எண்ணெய் பூசாவிட்டால் பிடிக்கும், ஆனால் காலம் முழுக்க உழைக்கும் என்றார். "மற்றது?" அலுமினியம் பாரமில்லை, கெதியாகச் சூடாகும், பழகுகிறவர் விடும் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் மென்மையானது, தட்டுப்பட்டால் காயப்படும் என்றார். "கையிலையிருந்து விழுந்தால்?" அதையும் கேட்டேன். இடியப்ப உரல் வாங்கப் போயிருந்தாலும் இத்தனை கேள்வி கேட்டிருப்பார் என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னதுதான் ஆச்சரியம். கடைசியில் அவரே ஒரு கேள்வி கேட்டார். துப்பாக்கிக் குழாயின் உள்ளளவு என்ன? கிழவர் புத்தகத்தில் இருந்த அளவைச் சொன்னார். பழைய துப்பாக்கி புத்தகத்தைப் பார்த்துப் பிறந்ததில்லை, கொண்டுவந்து அளந்த பிறகு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். வெறுங்கையோடு திரும்பினோம். கிழவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அரைநாள் வேலை கெட்ட கோபம். அண்ணை ஒருவருக்குத்தான் சந்தோஷம். "பாத்தீரே, கேட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

அளந்துகொண்டு இரண்டாம் தரம் போனபோது குண்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கடைக்காரர் மாதிரிக்கு வார்த்த குண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று கூர், ஒன்று உருண்டை, ஒன்று வெட்டிய சோக்குத் துண்டு போல முன்பக்கம் தட்டை. அண்ணை தட்டையானதை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினார்.

"உதுக்கு ஏன் மூக்கில்லை எண்டு கேளும்."

பேப்பருக்கென்றே செய்தது, வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், புள்ளி எண்ணச் சுகம் என்றார் கடைக்காரர்.

"பேப்பருக்கு மட்டுமோ எண்டு கேளும்."

கடைக்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கி அண்ணையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சிஞ்ஞோரா, தனக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று ஈயத்துக்குத் தெரியாது. ஆனால் இதை வாங்குகிறவர்கள் பேப்பருக்குத்தான் வாங்குகிறார்கள்" என்றார்.

நான் தமிழில் சொன்னதும் அண்ணை குண்டைத் துணியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கிழவர் கால் மாற்றி நின்றார். வெளியே ஒரு வண்டிக்காரன் கூவி விற்றுக்கொண்டு போய், தெருவின் மறுமுனையில் திரும்பியும் வந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அண்ணை அந்த இரண்டு குழி அலுமினிய அச்சை, தட்டைக் குண்டு வார்க்கிறதை, எடுத்துக் கிழவரின் பக்கம் தள்ளினார்.

"ஏதோ ஒண்டை எடுக்கத்தானே வேணும். உதை எடுப்பம். உதுதான் குறைஞ்ச பாவம்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வார்க்கும் வேலையை மொட்டைமாடியில் வைத்துக்கொண்டார்கள், புகை உள்ளே வரக்கூடாது என்று. ஒரு சனிக்கிழமை காலை, நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். கிழவர் காஸ் அடுப்பில் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தார். தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, புத்தகத்தில் சொன்ன எல்லாம் போட்டிருந்தார்கள். ஈயத்துக்குக் கிட்ட ஒரு சொட்டுத் தண்ணீரும் வரக்கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார், நானே அதைத் தமிழில் சொல்லியிருந்தேன். ஆனால் அண்ணைக்கு ஒரு பழக்கம். புதிதாக எது வாங்கினாலும், அரிவாளோ தையல் மெஷினோ குக்கரோ, சந்தனமும் குங்குமமும் வைக்காமல் பாவிக்க மாட்டார். அன்று காலையிலும் அச்சை விரித்து, இரண்டு குழிக்கும் நடுவில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். அது குழிக்குள் வடிந்திருக்கிறது.

கிழவர் கரண்டியால் ஊற்றினார். டப் என்று ஒரு சத்தம். ஈயம் திவலை திவலையாகத் தெறித்தது. ஒரு திவலை கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் கிழவரின் மணிக்கட்டில் விழுந்தது. அவர் கத்தின கத்தலில் பக்கத்து மாடியில் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

நான் அடுப்பை நிப்பாட்டி, கிழவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் குழாயின் கீழ் கையைப் பிடித்தேன். அவருடைய மகளுக்குப் போன் பண்ணினேன். திரும்பி மேலே வந்தால் அண்ணை தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

"தண்ணி படக்கூடாதெண்டு சொன்னனான்தானே அண்ணை!"

"சந்தனம் தண்ணியோ பிள்ளை?" என்றவர், முகத்தைப் பொத்திக்கொண்டார். "முடிஞ்சுது. இனி ஆர் கையெழுத்து வைக்கப் போகினம்? என்ரை பெடியனை நானே அங்கை விட்டிட்டன்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மகள் வந்து கத்தினாள். இந்த மனிதனை இன்றைக்கே அனுப்பு என்றாள். கிழவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அச்சு ஈரமாக இருந்தது என் பிழை, நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்றார். மகள் போன பிறகு அண்ணையைக் கூப்பிட்டு, அந்த மஞ்சள் பசை என்ன என்று கேட்டார். அண்ணை சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். புதுச் சாமானால் ஆருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று கும்பிட்டு வைக்கிறது. கிழவர் யோசித்தார். "சரிதான். என்னைத் தவிர அது இன்னும் ஒருவருக்கும் கெடுதல் செய்யவில்லை" என்றார். பிறகு, குடும்பத்துக்கு என்னவோ கையெழுத்துக் கேட்டாயே, அதைக் கொண்டுவா என்றார். அண்ணை அழுதுகொண்டே போய் எடுத்து வந்தார்.

கையெழுத்து வந்துவிட்டது. இனி வீடு ஒன்றுதான் பாக்கி. சரி, எல்லாம் முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

இங்கே வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. வியாழக்கிழமை வந்தால் அண்ணை வீடு பார்க்கப் போவார். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார், குழாயைத் திருகிப் பார்ப்பார், சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்ப்பார். மகனுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது, ஈரச் சுவர் ஆகாது. கபோவில் ஒரு வீட்டில் வெளிச்சம் இல்லை. வுச்சீரியாவில் ஒரு வீட்டைத் தாங்கி மரத்தூண் நட்டிருந்தார்கள், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நட்டதாம். நகரத்தின் ஓரத்தில், பிரான்காச்சோவில் கடை வைத்திருந்த ஒருவர் தன் வீட்டைப் பார்க்க வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆனால் பஸ்ஸில் போக வேண்டும், பெடியன் பள்ளிக்கூடம் போய்வரத் தூரம் என்று அண்ணை அதைப் போய்ப் பார்க்கவே இல்லை. வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது, மழையும் விட்டது. சனிக்கிழமைகளில் கிழவரும் அவரும் காய்ந்த அச்சோடு சமாதானமாக ஈயம் ஊற்றினார்கள். விழுந்த குண்டுகளில் சுருக்கம் விழுந்ததைப் பொறுக்கித் திரும்ப உருக்குவது அண்ணையின் வேலை. அதிலும் அவர் விட்டுவைத்ததைவிடக் கழித்ததுதான் கூட.

கடைசியில் நானே ஒரு வீடு கண்டுபிடித்தேன். கபோவில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இரண்டு அறை, பல்கனி, மாடியில் சொந்தத் தண்ணீர்த் தாங்கி. சொந்தக்காரி ஒரு விதவை, நல்ல மனுஷி. அண்ணை குழாய் பார்த்தார், சுவர் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. சின்ன அறைக்குள் போய், சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"கட்டில் போட்டால் அவன்ரை கால் இடிக்குமோ எண்டு பாக்கிறன். விட்டிட்டு வரேக்கை என்ரை தோளுக்கு நிண்டவன். இப்ப என்ன உயரமோ தெரியாது."

எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள் சின்னிவிரலை விட்டார். விரல் அளவாகப் போனது.

"இது என்னண்டு கேளும் பிள்ளை."

ஆணி அடித்த ஓட்டை, என் புருஷன் குருவிக்கூடு தொங்கவிட்டிருந்தார் என்றாள் அந்த மனுஷி.

"ஆணி எண்டால் இப்பிடி இராது. குண்டின்ரை அளவு எனக்குத் தெரியும், ஒவ்வொரு சனியும் கையிலை எடுக்கிறன்."

அந்த வருடங்களில் பலேர்மோத் தெருக்களில் மாஃபியாக்காரர் ஆளை ஆள் சுட்டுப் போட்டது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த ஓட்டை ஆணி ஓட்டைதான் என்று அன்றைக்கு அடித்துச் சொன்னேன், கெஞ்சினேன், கடைசியில் ஏசியும் விட்டேன். "உங்களுக்கு வீடு வேணுமோ, கோயில் வேணுமோ?" அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "அங்கையிருந்து எடுத்து இஞ்சை கொண்டுவந்து, இதுக்கு முன்னாலையோ பிள்ளை நான் அவனைப் படுக்க விடுறது? இன்னும் பாப்பம். அவசரப்பட்டால் பிழைச்சுப்போம்." அடுத்த கிழமையே அந்த வீட்டை வேறொரு தமிழ்க் குடும்பம் எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு அந்த ஓட்டை கண்ணில் படவே இல்லை.

செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. அண்ணை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து அவருடைய மைத்துனர் எங்கள் போனுக்குத்தான் எடுப்பார். அண்ணை இடது கையால் வாங்கிக் காதில் வைத்தார். "ஓம்" என்றார். "எப்ப?" என்று கேட்டார். பிறகு வைத்துவிட்டு வந்து பழையபடி சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார்.

"இயக்கத்துக்குப் போட்டானாம் பிள்ளை. சைக்கிளைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டுப் போட்டானாம்."

நான் அழுதேன், என் புருஷன் அழுதார். அண்ணை அழவில்லை. மறுநாள் திங்கட்கிழமை கிழவரிடம் ஒருநாளும் கேட்காத லீவு கேட்டுக்கொண்டு, பிரான்காச்சோக்காரரின் கடைக்குப் போய், முற்பணத்தைக் கொடுத்து வீட்டுத் திறப்பை வாங்கிவிட்டார். வீட்டுக்குப் போகவே இல்லை. கடையில் நின்றபடியே வாங்கினார். அடுத்த நாள் மனைவி, மகன், மகள் என்று மூன்று பெயரையும் போட்டுக் குவெஸ்தூராவில் கொடுத்தார். வீடு ரெடி, வா என்று சொன்னால் இயக்கத்தை விட்டுவிட்டு வருவான் என்று சொன்னார். அந்தச் சனிக்கிழமை கிழவர் அடுப்பை மாடிக்குக் கொண்டுபோக எடுத்தபோது "இண்டைக்கு வேண்டாம் சிஞ்ஞோரே" என்றார் தமிழில். கிழவருக்கு என்ன விளங்கியதோ, அடுப்பைத் திரும்பக் கீழே கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஈயம் உருக்கவில்லை.

பெர்மெஸ்ஸோ என்ற அனுமதிப் பத்திரம் வருவதற்கு முன்னே மகன் இறந்துவிட்ட செய்தி வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மனைவியும் மகளும் வந்த அன்று, நானும் விமான நிலையத்துக்குப் போய், அவர்களோடு பிரான்காச்சோ வரை பஸ்ஸில் போனேன். அண்ணை கதவைத் திறந்தார். உள்ளே ஈர நெடி. ஒரு சுவர் முழுக்கக் கருத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது, நான் முதல் நாள் உரஞ்சியும் போகவில்லை. ஜன்னல் மூட மறுத்தது. அண்ணையின் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு, முகம் கழுவக் குழாயைத் திருகினாள். மண்ணிறத் தண்ணீர் இருமிக்கொண்டு வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் வாங்கவும் ஊரைச் சுற்றுகிற மனிதனோடு குடும்பம் நடத்தினவள் அல்லவா.

"இவ்வளவு காலமும் பாத்துப் பாத்து, இதையோ எடுத்தனீங்கள்?" என்றாள்.

"இல்லையப்பா" என்றார் அண்ணை. "இதை நான் பாக்கேல்லை."